போதும் மேஸ்திரியின் ஊறுகாய் ஜாடி

விருத்தாசலத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும், 'போதும்' என்ற சொல்லை எங்கள் மேஸ்திரியைப் போல வாரி இறைத்த ஆள் இன்னொருவர் கிடையாது. வேறு எதையும் அவர் இறைத்தது கிடையாது. டீ முக்கால் கிளாஸ் ஏறியதும் போதும். சலூனில் கத்திரி நாலு தரம் பேசியதும் போதும். ஒருமுறை கருவேப்பிலங்குறிச்சியில் தேர்தல் கூட்டம். பேச்சாளர் சுற்றிச் சுற்றி மறுபடியும் 'பொன்னான வாக்கு'க்கு வந்து சேர்ந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த இவர் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி, "போதும்" என்றார். அந்த மனிதர் நன்றி கூறி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு விழுந்த கைத்தட்டல் எந்தத் தலைவருக்கும் விழுந்திருக்காது.

எங்கள் பீங்கான் கம்பெனியில் அவர் வார்ப்பு மேஸ்திரி. வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சில் ஊற்றி, கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி எடுக்கிற பகுதி அது. நான் சூளையில் சுட்டு வந்த சாமான்களை வைக்கோல் சுற்றிக் கட்டுகிறவன். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பெயரிலேயே போதும் என்றிருப்பார்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் கொடுப்பார், கொட்டினால்தான் கோபம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேசரியை அப்படியே வைத்து இலையை மூடினார். மேஸ்திரி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, புடிக்கலியா?"

"வயிறு ரொம்பிடுச்சிங்க."

"ரொம்புனது வயித்துக்குத் தெரியும், கைக்குத் தெரியாதா? வேணாம்னா வைக்கறதுக்கு முன்ன கைய மறிக்கணும். எலைல வுழுந்தப்பறம் அது குப்பதான்."

அந்த மனிதர் இலையைத் திறந்து கேசரியைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். மொய் எழுதும்போது மாப்பிள்ளை வீட்டார் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்த மனிதருக்குத்தான் அஞ்சலையின் கிணற்று வழக்கு வந்து சேர்ந்தது.

அஞ்சலை எங்கள் கம்பெனிக்குப் பின்பக்கம் டீக்கடை வைத்திருந்தாள். சுற்று வட்டாரத்தில் மற்ற கிணறெல்லாம் உப்பு. அவள் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அவள் கடை. எங்கள் கொட்டகையைக் கழுவி விடுகிற தண்ணீரோ, சுவரடி மடை வழியாக வெளியேறி, வாய்க்காலில் ஓடி, அந்தக் கிணற்றோரமாகத்தான் தேங்கும். கிணற்றுச் சுவரில் வெடிப்பு. மழைக்காலம் முடிந்தபோது கிணறு மோர் நிறத்துக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி முன்பு கொடுத்த ஒதுக்கின கப்பு ஒன்று அவளிடம் இருந்தது. உள்ளே அடியில் ஒரு நீலப் பூ. அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"பூ தெரியுதா அண்ணே?"

தெரியவில்லை.

"இனிமே டீக்குப் பாலே வாங்க வேணாம். ஆனா குடிக்க ஆளு வரணும்ல? போற போக்குல அடுப்ப அணைச்சிட்டு, களை வெட்டப் போவ வேண்டியதுதான்."

முதலாளி நல்லவர்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டு யோசனை சொன்னார். "வாய்க்கால இன்னும் கொஞ்சம் நீட்டி வுட்டுடலாம்."

"அடுத்த கொல்லைக்காரன் கம்போட வருவான் மொதலாளி" என்றார் மேஸ்திரி.

"அப்ப அஞ்சல கடைய வேற எடத்துல போட்டுக்கட்டும்."

அஞ்சலை, "கெணத்த யாரு தூக்கிகிட்டு வருவாங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி கையை மறித்தார். "போதும். தண்ணி போற எடத்த மாத்தாதீங்க. தண்ணி வெள்ளையாவற எடத்தப் புடிப்போம். மடைய அடைச்சிடறேன்."

அடைத்தார். எதை வைத்து என்று கேளுங்கள். கைக்கெட்டிய தூரத்தில் மலை போலக் கிடந்த எங்கள் களிமண்ணை வைத்து. பீங்கான்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். நாள் முழுக்க மண்ணைத் தண்ணீரில் கரைக்கிறவனுக்குத்தான், அது தண்ணீரில் கரையும் என்பது மறந்துபோகும். மத்தியானத்துக்குள் அடைப்பு மொத்தமும் கரைந்து ஓடி, கிணறு அதுவரை காணாத வெண்மையைக் கண்டது. அஞ்சலை கப்போடு வந்தாள். காட்டிவிட்டுப் போனாள்.

"சுடாத மண்ண நம்புனது என் தப்பு" என்ற மேஸ்திரி, சூளையில் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துச் சாக்கைச் சுற்றி, மடையில் குப்புறச் செருகிச் சம்மட்டிக் காம்பால் இடித்து இறக்கினார். யானை வந்து இழுத்தாலும் வராது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கணுக்காலளவு வெள்ளைத் தண்ணீர். வார்ப்பு வேலை பார்க்கும் தனகோடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"மேஸ்திரி, சேடை நல்லா இருக்குது. நாத்து வுட்டுடலாமா?"

"வுடு. அறுப்புக்கு ஒன்னத்தான் கூப்புடுவேன்."

"கூலிக்குக் கப்பா, சாசரா?"

முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி. வேட்டி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் நின்றார். "சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் அந்த ஜாடிய நானே ஒடைப்பேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

தண்ணீரில் நின்றால்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. மேஜையில் சிந்திய கூழை, அச்சில் வழிந்ததை, தொட்டி விளிம்பில் ஒட்டியதை, எல்லாவற்றையும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவித்தான் நாங்கள் பழகியிருந்தோம். மறுநாள் தனகோடிதான் முதலில் ஒரு பனமட்டையைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தாள். மேஜையை வழித்தாள், வழித்த கூழைத் தொட்டியிலேயே தட்டினாள், அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. "சேத்துல நிக்கறதுக்கு இது மேலு" என்றாள். மற்றவர்களும் மட்டை தேடினார்கள். ஊற்றும்போதே சிந்தாமல் ஊற்றவும் கை பழகியது. கழுவுகிற கொஞ்சத் தண்ணீரையும் ஒரு தொட்டியில் தெளிய வைத்து, அடுத்த மண்ணைக் கரைக்க அதையே எடுத்தோம். மேஸ்திரி ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் நின்று கையை மறிப்பார். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

சனிக்கிழமை முதலாளி சுத்தியலோடு வந்தார். தரை காய்ந்து கிடந்தது. சுற்றிப் பார்த்தவர் மண் மூட்டை அடுக்கின் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னா மேஸ்திரி, இந்நேரம் மூட்ட தீந்திருக்கணுமே. வேல நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சிங்க. மண்ணுதான் எங்கயும் போவல."

முதலாளி சுத்தியலை என்னிடம் கொடுத்துப் பெட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னார்.

கிணறு உடனே தெளிந்துவிடவில்லை. வெடிப்பைப் பூசி, தண்ணீரை இறைத்துக் கொட்டி, ஊற்று புதிதாக ஊறி வரும் வரை அஞ்சலை தலைச்சுமையாகத் தண்ணீர் எடுத்துவந்து கடையை ஓட்டினாள். மேஸ்திரி தினமும் போய்க் கப்பைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். பூ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அப்புறம் புகை போல நீலம். ஒரு நாள் காலையில் அஞ்சலை கப்பை நீட்டினாள். அடியில் பூ, இதழ் இதழாக.

"எண்ணிப் பாத்துக்குங்க அண்ணே" என்றாள்.

அவர் எண்ணவில்லை. பலகையில் உட்கார்ந்தார். அவள் அந்தத் தண்ணீரிலேயே டீ போட்டு, அதே கப்பை சாசரில் வைத்து ஊற்றினாள். முக்கால் ஆனது. அவர் கை எழவில்லை. விளிம்புக்கு வந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்றே ஊற்றினாள். டீ வழிந்து சாசரும் நிறைந்தது. அவர் கப்பைக் காலி செய்துவிட்டு, சாசரையும் தூக்கி உறிஞ்சினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டு விருந்தில் யார் கையை மறித்தாலும் நான் வற்புறுத்துவதில்லை. அவர் ஒருவர் வந்தால் மட்டும், மறித்த கை மேலேயே ஊற்றுவேன்.