உன் செக்கை இத்துடன் திருப்பியிருக்கிறேன்

அன்புள்ள மைத்துனனுக்கு (அன்புள்ள என்று போடுவது கடிதத்தின் வழக்கம், அதற்குமேல் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்),

இங்கே இடது முழங்கால், வலது முழங்கை, உட்காருகிற இடம் ஆகிய மூன்றும் நீங்கலாக நான் சுகம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கக் கை வர மாட்டேன் என்கிறது. அதனால் கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

விஷயம் இதுதான். என் சைக்கிள் பயணத்துக்கென்று நீ அனுப்பிய செக் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி உண்டா? இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், அவள் போன அன்றைக்குத் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனவன், இன்றைக்குத் திடீரென்று தர்மப்பிரபு ஆகிவிட்டான். உன் பணம் எனக்கு வேண்டாம். செக்கை இத்துடன் திருப்பியிருக்கிறேன். இதுவே நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். கடைசி என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்த மனுஷன் எப்படிச் சைக்கிள் ஏறினான் என்று நீ யோசித்திருப்பாய். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உன் அக்கா மிதிப்பாள், நான் பின்னால் கேரியரில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், நான் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். என்னை வேலைக்கு இறக்கிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். நீ சிநேகிதர்களோடு தெருவில் நின்றால் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அத்தான், நீங்க இறங்கி நடந்தாவது போகக் கூடாதா, மானம் போகுது என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது ஞாபகம் இருக்கிறதா? நான் இறங்கவில்லை. எனக்கு அந்தக் கேரியர் சுகமாக இருந்தது.

அவள் போன பிறகு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. அப்போதுதான் அந்த நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாள். உன் அக்கா வாரத்தில் மூன்று நாள் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாளே, அந்த வார்டு நர்ஸ். மெஷின் போதவில்லை, ஆட்கள் முறை வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கிறார்கள், இன்னொரு மெஷின் வாங்குவதற்காக மூன்று நாள் சைக்கிள் பயணம் வைத்துப் பணம் திரட்டப் போகிறோம் என்றாள். நல்ல காரியம் என்றேன். அவள் கண் மாடிப்படிக்குக் கீழே போனது. அந்தச் சைக்கிள் ஓடுமா என்று கேட்டாள். ஓடும் என்றேன். அப்படியானால் எழுதிக்கொள்ளட்டுமா என்றாள். சைக்கிளைத்தான் தானமாகக் கேட்கிறாள் என்று நினைத்து, தாராளமாக எழுதிக்கோம்மா என்றேன். பாவி, அவள் எழுதிக்கொண்டது என்னை.

சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறி வரலாம் என்று அவர்கள் வைத்த அறிமுகக் கூட்டத்துக்குப் போனவனை மேடையில் ஏற்றினார்கள். தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். முதுகில் நம்பரைக் குத்தினார்கள். நர்ஸம்மா மைக்கைப் பிடித்து, இவர்தான் நம்மில் மூத்தவர், மறைந்த மனைவியின் சைக்கிளிலேயே வரப்போகிறார் என்று சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு பேர் அழுதார்கள். அதற்குமேல் எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல எந்த வாய் வரும்? வாயைத் திறந்தேன், நன்றி என்றுதான் வந்தது.

நல்லவேளை, பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு பழகினேன். பட்ட பாடு நாய் கூடப் படாது. தெருமுனை மருந்துக்கடைக்காரர், ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறேன் என்று பெரிய தொகையாக எழுதிக்கொடுத்தார். நான் தெருவைத் தாண்ட மாட்டேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. விழுந்து விழுந்து பஞ்சும் களிம்பும் அவரிடமே வாங்கினேன், அந்த லாபத்திலேயே அவர் கொடுத்துவிடலாம். பின்னால் யாராவது சீட்டைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். பிடிக்கத்தான் எனக்கு யாரும் இல்லை. அதை நினைத்து அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் அழுதேன். வாட்ச்மேன் வந்து, அடி பலமா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒருவழியாக ஓட்டவும் வந்துவிட்டது. ஆனால் சாலை எனக்குப் புதிது, மச்சான். இத்தனை வருஷம் சாலை என்று நான் பார்த்ததெல்லாம் உன் அக்காவின் முதுகுதான். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு இருந்ததே இல்லை. அதை அவள் பார்த்துக்கொள்வாள். இப்போது எல்லாமே நேராக என் மூஞ்சிக்கு வந்தது, பஸ், மாடு, பள்ளம், காற்று எல்லாம்.

புறப்பட்ட அன்றைக்கு இளவட்டங்கள் எல்லாம் உடம்போடு ஒட்டிய உடுப்பில் விர்ரென்று போய்விட்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், பிறகு அதற்குமேல் என் பழைய கம்பெனி காக்கி பேண்ட்டைப் போட்டு, செயினில் மாட்டாமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பைக் குத்திக்கொண்டேன். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஏறினால் நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அதோடு பயணம் முடிந்தது. கடைசி ஆள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த வேன் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் முதுகிலேயே உறுமிக்கொண்டு வந்தது. முதல் நாள் முடிவில் டிரைவர் இறங்கி வந்து, இருபது வருஷமா வண்டி ஓட்டறேன் ஐயா, முதல் கியர்லயே ஒரு நாள் பூரா போனது இன்னைக்குத்தான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாகத்தான் சொன்னார்.

மேடு வந்தால் இறங்கித் தள்ளினேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவனை நோகாமல் மாடி மாடியாக ஏற்றிவிட்டவனுக்கு, கடைசியில் ஏற்றம் என்றால் என்னவென்று கடவுள் காட்டிக்கொடுத்தார். நடுநடுவே மருந்துக்கடைக்காரர் போன் செய்து, இன்னும் விழவில்லையா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேனில் ஏறினால் ஒன்றும் தப்பில்லை என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். நாலாவது போனில் அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

இதுவரை எழுதியது சிரிக்க. இனிமேல் எழுதுவதை நீ சிரிக்காமல் படி.

இரண்டாம் நாள் மத்தியானம் பெரிய மேடு ஒன்று முடிந்து, இறக்கம் வந்தது. நேராகக் கீழே விழுகிற மாதிரி சாலை. மற்றவர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். நான் உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்றேன். இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. போடா என்கிறது மனசு. கால் தரையை விட மாட்டேன் என்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்கிறது, இருந்தும் கால் வரவில்லை. இதற்காகப் பணம் எழுதிக்கொடுத்தவர்களை நினைத்தேன், வராந்தாவில் காத்திருக்கிறவர்களை நினைத்தேன், உன் அக்காவையே நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் வேனை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, யாரும் பாக்கல. நானும் பாக்கல. ஏறிக்குங்க, கீழ கொண்டுபோய் இறக்கி விட்டுடறேன்."

அப்போதுதான் உன் நினைப்பு வந்து நெஞ்சில் உதைத்தது.

உன் கிட்னியை எடுத்து அவளுக்கு வைப்பதாக எல்லாம் முடிவாகி, டெஸ்ட் எல்லாம் பொருந்தி, நீ வந்து சேர வேண்டிய காலை. மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டும் என் கைவேலைதான் என்பதால், நீ வந்ததும் ஒரு நிமிஷம் கூட நிற்கக் கூடாதென்று கீழே கதவைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். தம்பி வந்துட்டான் என்றாள் உன் அக்கா. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால், கையில் பை. நீ அசையவில்லை. வழி தெரியாமல் நிற்கிறாய் என்று நான் ஓடப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. கூப்பிட்டா வந்துடுவான்."

"வரட்டுமே. அதுக்குத்தானே வந்திருக்கான்?"

"வேணாங்க. கூப்பிட்டா வந்துடுவான். அதனாலதான் சொல்றேன், கூப்பிட வேணாம்."

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலிலேயே நின்றோம். நீ திரும்பிப் போகும் வரை நின்றோம். பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள், சின்ன வயசில் உனக்குச் சைக்கிள் பழக்கியபோது மேடெல்லாம் மூச்சு வாங்க ஏறிவிடுவாயாம், இறக்கம் வந்தால் நின்றுவிடுவாயாம். தள்ளிவிட்டால் போயிருப்பாய், தான் ஒரு தடவைகூடத் தள்ளிவிட்டதில்லை என்றாள். அவள் அழவில்லை என்று நான் எழுதினால் பொய். அழுதாள். உனக்காக அழுதாளா தனக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

இதை உனக்குச் சொல்லச் சொல்லி அவள் பிறகு எத்தனையோ தடவை கேட்டாள். நீ போனையே எடுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். எனக்கு உன்மேல் அவ்வளவு ஆத்திரம். அவள் போன பிறகு அந்த வீட்டில் கொஞ்சம் சூடாக இருந்தது அந்த ஆத்திரம் ஒன்றுதான், அதையும் அணைத்துவிட்டால் நான் எதைக் கட்டிக்கொண்டு இருப்பது? ஆனால் அந்த இறக்கத்தின் உச்சியில், கால் வராமல் நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது, மச்சான். மனசில்லாமல் நிற்பது வேறு. மனசிருந்தும் கால் வராமல் நிற்பது வேறு.

நான் வேனில் ஏறவில்லை. இறங்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, அந்த இறக்கம் முழுக்கச் சைக்கிளை நடத்திக்கொண்டே போனேன். மேட்டில் தள்ளுகிறவனைப் பார்த்திருக்கிறோம், இறக்கத்தில் தள்ளுகிறவனைப் பார்த்ததில்லை என்று எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே நடந்தேன். வேன் பின்னாலேயே வந்தது, ஹாரன்கூட அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் முடிவு. நான் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பு வளைவைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். நர்ஸம்மா மட்டும் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடாமல் இறக்கிவிட்டாள். நீ அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தேன். பிறகு லிஃப்ட்டைப் பார்த்தேன். எத்தனை தடவை டூல்ஸ் பையோடு கடந்த இடம், நாலு எட்டு இருந்தால் அதிகம். அன்றைக்கு அது ரொம்பத் தூரமாகத் தெரிந்தது.

இவ்வளவும் எழுதியதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று கனவு காணாதே. எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, அந்த வேதனையில் கை தன்பாட்டுக்கு ஏதேதோ எழுதிவிட்டது. உன் பணம் வேண்டாம், அது இந்த உறையிலேயே இருக்கிறது. சைக்கிளை விற்கப் போகிறேன். இனி செத்தாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். நீயும் இங்கே வர வேண்டாம், வழியில் நேருக்கு நேர் பார்த்தாலும் உன் பாட்டுக்குப் போ.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் சார்பில் ஆசீர்வாதம், அவள் இருந்தால் இரண்டு மடங்காகச் சொல்லியிருப்பாள். உனக்கும் ஆயுசு நிறையட்டும், உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கேரியரில் உட்கார்ந்து வந்தவன்

பி.கு.: உறைக்குள் செக்கைத் தேடாதே. வந்த அன்றைக்கே நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரரும் முழுசாகக் கொடுத்துவிட்டார், பாவம், இப்போது என்னைக் கண்டால் கடைக்குள்ளே போய்விடுகிறார். மெஷின் வரப்போகிறது. சைக்கிளையும் விற்கவில்லை. ஒரு மெஷின் எந்த மூலைக்கு, அடுத்த வருஷமும் பயணம் உண்டு என்றாள் நர்ஸம்மா. என்னை எழுதிக்கோ என்றேன். கூட வேறு யாராவது வருவார்களா என்றாள். உன்னைக் கேட்காமலே உன்னையும் எழுதச் சொல்லிவிட்டேன். சீட்டை நான் பிடித்துக்கொள்கிறேன். இறக்கம் வந்தால் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே போகலாம், வேன்காரரிடம் சொல்லியாகிவிட்டது. கூப்பிட்டால் வந்துவிடுவாய் என்று உன் அக்கா சொன்னாள். கூப்பிடுகிறேன்.