ஷிஹாப் நானா பிரித்துக் கொடுத்த அறைகள்

எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு எதையும் கைவிடாத மனிதர் ஒரு தனி இனம். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். திகனயில், ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் இருப்பவருக்கு ஷிஹாப் என்று பெயர்; இளையவர்களுக்கு ஷிஹாப் நானா, அதாவது அண்ணன்.

அந்தக் கம்பனியின் மென்பொருள்கள் அத்தனையும் ஒரே கிளஸ்டரில், அதாவது ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சில சர்வர்களில், ஓடின. ஒரு குழுவின் வேலை வீங்கினால் மற்றக் குழுவுக்கு மூச்சு முட்டும், ஒருவர் அழித்தது இன்னொருவருடையதாக இருக்கும், பிறகென்ன, சண்டைதான். ஷிஹாப் அந்தக் கிளஸ்டரைத் தனித்தனி அறைகளாகப் பிரித்தார், அறைக்கு இவ்வளவு இடம் என்று அளந்தார், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மினை நியமித்தார், கேக் வெட்டினார், பேசவும் செய்தார்.

"இனி உங்கட ரூமுக்கு நீங்கதான் ராஜா. நான் எட்டியும் பாக்க மாட்டேன்."

கைதட்டல் அடங்கியதும் ஒரு சின்ன விஷயத்தைச் சேர்த்துக்கொண்டார். எந்த அறையில் எதை மாற்றினாலும் அவருடைய ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும். அவர் பெருவிரலை வைத்தால்தான் நடக்கும். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு!

அவருக்கு அது அதிகாரமாகவே தோன்றவில்லை, பாவம். தான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். கூடவே கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

அந்த அட்மின்களில் ஒருத்தியான ஸுமைராவின் அறையில், ஒரு மருத்துவ நிலையத்தில் நோயாளருக்கு வரிசை நம்பர் கொடுக்கும் மென்பொருள் ஓடியது. அது இன்னொரு தரம் நின்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று நிலையத்துக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல்காரர் கூட்டம் அலைமோத, அளந்து கொடுத்த இடம் நிரம்பி, மென்பொருள் நின்றே விட்டது. இடத்தைக் கூட்டப் போனாள் ஸுமைரா, அனுமதி கேட்டது. ஷிஹாப் எங்கே?

அலவத்துகொடயில், ஒரு கலியாண வீட்டில். ஒரே சஹனை, அதாவது பலர் சேர்ந்து உண்ணும் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை அவரவர் உண்பதுதான் வழக்கம். நம்மவர் விடுவாரா? கோழியைப் பிய்த்து ஆறு பங்கும் தாமே வைத்து, "தின்னுங்க, தின்னுங்க" என்று அடுத்தவர் பக்கத்துச் சோற்றையும் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார். ஃபோன் அடித்தது.

"நானா, நம்பர் நிண்டுட்டு. ஆக்கள் கத்துறாங்க. கொஞ்சம் விரல வைங்களே!"

"வெக்கிறேன் மகள், பதறாதீங்க."

வைத்தார். நெய்ச்சோற்று விரலை ஃபோன் மதிக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் மதிக்கவில்லை. சஹனிலிருந்து நடுவில் எழுந்தால் மற்ற ஐந்து பேருக்கும் மரியாதையில்லை. எல்லோரும் உண்டு முடித்து, கை கழுவத் தண்ணீர் வந்து, விரல் விரலான நேரத்தில் மருத்துவ நிலையத்தில் துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வேறு கம்பனிக்கே போய்விட்டார்கள்.

ஸுமைரா சத்தம் போடவில்லை. "நானா, என்ட ரூமுக்கு நான்தானே அட்மின்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் ஷிஹாப், உண்மையாகவே மனம் நொந்து. இப்படி இனியொரு தடவை நடக்கக்கூடாதென்று அன்றைக்கே ஓர் ஏற்பாடும் செய்தார்: இடது கைப் பெருவிரலையும் ஃபோனில் பதிந்துகொண்டார்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் அப்படியில்லைதான். கடையையோ வீட்டையோ அலுவலகத்தையோ எப்போதோ பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவர். அப்படியானால் நாளைக்கு ஒரேயொரு பகல் ஃபோனை அணைத்து வையுங்கள், பார்ப்போம்.

மாட்டீர்களே!