பன்னிரண்டடிக் குடை

சாமிக் குடை பன்னிரண்டு அடி அகலம் இருக்க வேண்டும் என்பது விதி. தையல்காரர் குடியிருந்த தெருவோ பதினோரு அடி. ஆகவே திருவிழா ஊர்வலம் அந்தத் தெருவுக்குள் வராது. வருஷா வருஷம் அந்தக் குடையைத் தைத்துக் கொடுப்பவரே அவர்தான் என்பது இதில் சம்பந்தமில்லாத விஷயம்.

மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் மனைவி, "ஒரே ஒரு தடவை ஜன்னல் வழியா சாமியைப் பார்த்துட்டாப் போதும்" என்றாள். தையல்காரர் மனு எழுதிக்கொண்டு விழா அதிகாரி முன் போய் நின்றார்.

"நம்ம தெருவுக்கு மட்டும் குடையை மடக்கிட்டு வரலாமே சார்?"

"சாமி மேல வெயில் படுமேய்யா!"

"ஊர்வலம் பொழுது சாஞ்சப்புறம்தானே சார் கெளம்புது?"

"வெயில் இல்லாட்டி என்ன, விதி இருக்குல்ல? கண்ட சந்துலயும் சாமி நுழையற வழக்கம் இல்லை."

அதிகாரி மனுவை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.

தையல்காரர் விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தார். துணியை வெட்டினார், கம்பிகளையும் அறுத்தார். அந்த வருஷம் சாமிக் குடை பத்தரை அடி.

ஊர்வலம் ஜம்மென்று தெருவுக்குள் நுழைந்தது. மனைவி ஜன்னலோரம் கைகூப்பி அழுதாள். அவரும் வெட்கப்படாமல் அழுதார்.

மறுநாள் விசாரணை. குடையை அளந்து பார்க்கலாம் என்றார் குமாஸ்தா.

"சாமிக் குடையையே சந்தேகப்படறதா?" என்று அதிகாரி சீறினார். "விதிப்படி அது பன்னிரண்டு அடி. உள்ள போயிட்டு வந்துடுச்சு. அப்போ தெருதான்யா அகலமாயிருக்கு!"

துறையின் அயராத முயற்சியால் தெரு இரண்டடி வளர்ந்திருப்பதாக மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. வளர்ந்த தெருவின் சார்பில் தையல்காரரை விழாக் குழுவில் சேர்த்து, சட்டையில் ஒரு பேட்ஜும் குத்திவிட்டார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு அவர் குடை தைத்துக்கொண்டிருந்தபோது, பின் சந்து இஸ்திரிக்காரர் வாசலில் தயங்கி நின்றார்.

"அண்ணே, அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. எங்க சந்து பத்தடி. போன வருஷம் மாதிரியே குடையில இன்னும் ஒரு அடி கொறைச்சீங்கன்னா..."

தையல்காரர் பேட்ஜை நேராக்கிக்கொண்டார்.

"என்னப்பா பேச்சு இது? விதின்னு ஒண்ணு இருக்குல்ல? கண்ட சந்துலயும் சாமி நுழையற வழக்கம் இல்லை."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "யாருங்க பேசறது? அந்த அதிகாரியா வந்திருக்காரு?"