இடுப்பில் முழு அளவு

ஹார்லன் டிப்பெட்ஸின் இடது கையில் பாஸ்டர் லின்டெலின் மூக்கு இருந்தது. வலது கையில் சவரக்கத்தி. இரண்டில் எதையும் விட முடியாத அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய கால்சட்டை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

முகம் முழுக்க நுரையோடு கண்ணை மூடிக் கிடந்த பாஸ்டருக்கு இது தெரியாது. ஹார்லன் தன் தொப்பையை நாற்காலியின் கைப்பிடியோடு வைத்து அழுத்தினார். கால்சட்டை நின்றது. ஆனால் கைப்பிடியில் கிடந்த பாஸ்டரின் முழங்கை, ஹார்லனின் இடுப்பில் கெட்டியாக இருந்த எதிலோ போய் இடித்தது.

"என்னப்பா இது, கல்லு மாதிரி?" என்றார் பாஸ்டர், உதட்டை அசைக்காமல்.

ஹார்லனுக்குப் பொய் வராது. வந்ததைச் சொன்னார்.

"அது... டாக்டர் சமாச்சாரம், பாஸ்டர்."

பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"நாடீனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாவம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தயம் தொடங்கி அன்று மூன்றாவது நாள்.

விஷயம் இதுதான். ஹார்லனின் மனைவி நாடீனுக்கு டூயி என்று ஒரு தம்பி. டெக்சஸில் அந்த ஊருக்கு இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடை அவனுடையது. அவன் பேச்சைக் கேட்டு ஹார்லன் ஒரு குட்டி பிஸ்டல் வாங்கினார். சட்டைப் பையில் போட்டால்கூடத் தெரியாது. ஆனால் சுடும் மைதானத்தில், பின்னால் பதினோரு பேர் வரிசையில் நிற்கும்போது, பத்துத் தோட்டாவில் மூன்று முறை அது சிக்கிக்கொண்டது. மூன்றாம் முறை சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே வர மாட்டேன் என்று வாயில் கவ்விய எலும்பு மாதிரி நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"துப்பாக்கி மேல தப்பில்ல மச்சான்," என்றான் டூயி. "உன் மணிக்கட்டு தளருது. குட்டிங்க அப்படித்தான். உள்ள இடம் கம்மி, ஸ்பிரிங் விறைப்பு. இறுக்கிப் பிடிக்கலேன்னா கோச்சுக்கும்."

"இருபத்தெட்டு வருஷமா மனுஷன் கழுத்துல கத்தி வச்சு வேல பாக்கறேன். என் மணிக்கட்டு தளருதா?"

அன்றே ஹார்லன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையிலேயே பெரியதை வாங்கினார். ஐந்து அங்குலக் குழல், முழுக்க எஃகு, கை நிறையப் பிடி. ஐந்நூறு தோட்டா சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"சுடறதுல மன்னன்தான்," என்றான் டூயி. "ஆனா இடுப்புல வச்சுக்கிட்டு திரிய முடியாது. உன் உயரத்துக்கு அது துப்பாக்கி இல்ல, ஊன்றுகோல். ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தெரியாது."

"பந்தயமா?"

"முப்பது நாள். ஒருத்தன் கண்டுபிடிக்கட்டும், உன் கடைவாசல்ல நின்னு 'குட்டிதான் உசத்தி'ன்னு சத்தமா சொல்றேன். கண்டுபிடிக்கலேன்னா, 'ஹார்லன் சொன்னதே சரி'ன்னு உன் கல்லாவுக்கு மேல நீ பலகை மாட்டணும்."

"நடுத்தர அளவுன்னு ஒண்ணு இருக்குமே?" என்றாள் நாடீன் அன்று சாப்பாட்டு மேசையில்.

"நடுத்தரம்கறது தோத்துப்போனவன் கண்டுபிடிச்ச அளவு, நாடீன்."

நாடீன் உருளைக்கிழங்கை மசித்தாள். கொஞ்சம் அதிகமாகவே மசித்தாள்.

கால்சட்டை இறங்கியதற்கு மறுநாளே ஹார்லன் தடித்த பெல்ட் வாங்கினார். குதிரைச் சேணத்துக்குப் போடுகிற தோல். கால்சட்டை நின்றுவிட்டது. ஆனால் மூச்சும் பாதி நின்றுவிட்டது. இரண்டு நாளில் இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்தது. பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கால்சட்டையைத் தோளோடு தாங்கும் வார் போட்டார். இடுப்பு பிழைத்தது. ஆனால் வார் இழுத்த இழுப்பில் துப்பாக்கியின் பிடி மேலே எழும்பி, சட்டைக்குள் இரண்டாவது முழங்கை முளைத்த மாதிரி நின்றது. அதை மறைக்க இரண்டு அளவு பெரிய சட்டை, பெரிய கால்சட்டை. அதற்குள் ஹார்லன் துவைத்துச் சுருங்கியவர் மாதிரி தெரிந்தார்.

"தெரியுதா?" என்று கேட்பார் நாடீனிடம்.

"தெரியல."

"இடப்பக்கம் திரும்பினா?"

"தெரியல."

"குனிஞ்சா? பால் எடுக்கற மாதிரி குனியறேன் பாரு. இப்ப?"

"ஹார்லன், நான் குளிக்கணும். குளியலறையை விட்டு வெளிய போ."

காலையில் எட்டு முறை, மாலையில் எட்டு முறை. நடுவில் கண்ணாடி முன்னால் நின்று, எடுத்து நீட்டும் பயிற்சி. சாப்பிடும்போது குட்டித் துப்பாக்கிகளின் ஸ்பிரிங் பற்றிச் சொற்பொழிவு. நீளக் குழல் ஏன் நாணயமானது, சின்னப் பிடியில் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குவது மனிதனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்றெல்லாம் பேசிக்கொண்டே போவார். நாடீன் வாரத்துக்கு ஒரு கால்சட்டையைப் பிரித்துத் தைத்தாள். தைக்கும்போது ஊசியைத் தேவைக்கு மேல் அழுத்தமாகக் குத்தினாள்.

பத்தாவது நாள் கோட்டு வந்தது. வெயில் நூற்று நான்கு டிகிரி. முழங்கால் வரை தொங்குகிற கம்பளிக் கோட்டோடு ஹார்லன் முடி வெட்டினார். வியர்வை வாடிக்கையாளர் தலையில் சொட்டியது. பன்னிரண்டாவது நாள் மளிகைக் கடையில், உறைந்த பட்டாணி இருக்கும் பெட்டிக்குள் தலையை விட்டு ஐந்து நிமிடம் நின்றார். நிமிர்ந்தபோது பக்கத்தில் மிஸ் ஓபல் நின்றிருந்தாள். எண்பத்தொரு வயது. ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

"எத்தன நாளாப்பா இப்படி?"

"பன்னெண்டு நாள்."

"உனக்கு எப்படியோ போகட்டும். நாடீன் எப்படித் தாங்கறா?"

"அவ கெட்டிக்காரி, மிஸ் ஓபல். தைரியமா இருக்கா."

மிஸ் ஓபல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே வாசலில் ஒரு கேசரோல் இருந்தது. கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டது. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபப் பட்டியலில் டிப்பெட்ஸ் குடும்பத்தின் பெயர் வந்தது.

ஹார்லனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்.

"நாடீன்! நான் சாகக் கிடக்கேன்னு நெனக்கறாங்க!"

"யாரு?"

"ஊரே! பாஸ்டர் முழங்கை இடிச்சுது பாரு, ஆபரேஷன் பண்ணி வயித்துல எதோ பையைக் கட்டிவிட்டிருக்காங்கன்னு நெனச்சிருக்கார். எனக்குக் குடல்ல எதோன்னு முடிவு கட்டிட்டாங்க."

நாடீன் கேசரோலிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "அப்படியா சொன்னாங்க?"

"சொல்லுவாங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. ஒருத்தனுக்கும் துப்பாக்கின்னு தோணல, பாத்தியா! முழு அளவு! அஞ்சு அங்குலம்!"

"போய் உண்மையச் சொல்லிடேன்."

"சொன்னா பந்தயம் போச்சு. சாகற மனுஷன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நான் டூயிகிட்ட தோக்க மாட்டேன்."

நாடீன் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நோயாளி என்று பெயர் எடுத்த கணவனுக்காக அவள் தைரியமாக இருக்கிறாள் என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார். மனம் நெகிழ்ந்து, அன்று மூன்று முறை மட்டுமே "தெரியுதா?" என்று கேட்டார்.

பத்தொன்பதாவது நாள் பாஸ்டர் மறுபடி சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாயாமல் நேராக உட்கார்ந்து ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹார்லன், மனசத் திறந்து கேக்கறேன். இது எப்ப முடியும்னு எதாவது தெரியுமா?"

"தெரியும் பாஸ்டர். இன்னும் பதினொரு நாள்."

பாஸ்டர் கண்ணை மூடினார். "தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார் நிதானமாக.

அந்தப் பதில் ஹார்லனுக்குச் சற்று உறுத்தியது. சாகப்போகிற மனிதனிடம் இப்படியா சொல்வது? ஆனால் மேலுலகம் போவது பாஸ்டர்களுக்கு நல்ல செய்திதானே என்று விட்டுவிட்டார்.

இருபத்தைந்தாவது நாள் டூயி ஹார்லனின் சவரக் கடைக்கு வந்தான். முடி வெட்டிக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றான்.

"மச்சான், நீயே ஜெயிச்சதா வச்சுக்க. பலகையை நாளைக்கே மாட்டிடறேன். இத்தோட விட்டுடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... அக்கா மூஞ்சியப் பாக்க முடியல."

இவனும் நம்பிவிட்டான் என்று ஹார்லனுக்கு உள்ளே துள்ளியது. துப்பாக்கி விற்கிறவனே நம்பிவிட்டான்! கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். வியர்வை காதோரம் வழிந்தது. துப்பாக்கிப் பிடி விலாவில் குத்தியது. இருபத்தைந்து நாளில் ஏழு பவுண்டு இளைத்திருந்தார். ஒரு பக்கமாகவே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்திருந்தது.

"பரிதாபப்பட்டுக் குடுக்கற வெற்றி எனக்கு வேண்டாம், டூயி. நின்னு ஜெயிப்பேன். போ."

டூயி வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான்.

முப்பதாவது நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் பின்கூடத்தில் விருந்து என்றார்கள். சுவரில் கையால் எழுதிய துணி: 'டிப்பெட்ஸ் குடும்பத்துக்கு ஊர் மக்களின் அன்பு.' நீள மேசை நிறையப் பன்றி வறுவலும் மக்காச்சோளமும் பதின்மூன்று வகைக் கேசரோலும் இருந்தன. நடுவில் வெள்ளைக் க்ரீம் கேக். மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில் நாடீனை உட்காரவைத்து, உடையில் ஒரு ரோஜாவைக் குத்தியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். விதவையாகப் போகிறவளுக்கு முன்கூட்டியே ஆறுதல் என்று ஹார்லன் புரிந்துகொண்டார். இவ்வளவு நல்ல ஜனங்களை ஏமாற்றிவிட்டோமே என்று ஒரு கணம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆனால் கடிகாரம் ஒரு மணி அடித்தது. பந்தயம் பேசிய நேரம் அதுதான். முப்பது நாள் முடிந்துவிட்டது.

ஹார்லன் மேசையின் நடுவில் வந்து நின்று, கரண்டியால் குவளையைத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். எனக்கு ஒரு நோயும் இல்ல. குடல் நல்லாருக்கு. வயித்துல பை கிடையாது." கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "முப்பது நாளா என் இடுப்புல இருக்கறது இது! முழு அளவு பிஸ்டல்! அஞ்சு அங்குலம், சுத்த எஃகு! இத மறைக்க முடியாதுன்னு சொன்னவன் இங்கதான் இருக்கான். சர்ச்சுல இருந்தேன், கடைல இருந்தேன், உங்க கழுத்துப் பக்கத்துலயே இருந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கண்டுபிடிச்சீங்களா?"

கோட்டை விரித்துப் பிடித்தபடி, வளைந்த முதுகை முடிந்தவரை நிமிர்த்தி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். டூயி தரையைப் பார்த்தான். பாஸ்டர் கூரையைப் பார்த்தார். நாடீன் ரோஜாவைச் சரிசெய்துகொண்டாள்.

கையில் தட்டோடு எதிரில் நின்றிருந்த மிஸ் ஓபல்தான் வாயைத் திறந்தாள்.

"அது முதல் நாளே ஊருக்கெல்லாம் தெரியும்ப்பா, இந்த விருந்து உனக்கில்ல, உன்னோட முப்பது நாள் குடித்தனம் பண்ணின நாடீனுக்கு, கொஞ்சம் தள்ளி நில்லு, கேக்கை மறைக்கற."