தயிர்ச்சோற்றில் ஒரு கடுகு

இந்த உலகத்தில் எவரையும் நம்பாத ஒரே மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் அரக்கு அண்ணனைக் கைகாட்டுவேன். போலீஸ் ஆய்வுக்கூடத்தில், வழக்குப் பொருள்களை வாங்கிப் பதிகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ரத்தம் பட்ட சட்டையோ விஷப் பாட்டிலோ, எதுவானாலும் துணியில் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்துத்தான் அவரிடம் நீட்ட வேண்டும். முத்திரையில் ஒரு கீறல் தெரிந்தால் போச்சு. பெரிய அதிகாரியே தலையில் சுமந்து வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பட்டப்பெயரை வைத்தது அடியேன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம். பெரிய வெட்கம் பின்னால் வருகிறது.

அவர் தன் சாப்பாட்டு டப்பாவுக்கும் அரக்கு வைப்பார். நிஜமாகத்தான் சொல்கிறேன். மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். ஒருநாள் முத்திரை சரியாகவே இருந்தும், மூன்று வடை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் விரலையும் முகர்ந்தார்.

"உன் கையில சிகரெட்டு வாசனைதான் வருது, நீ போ. இன்னா பா, நீ மட்டும் சோப்பு போட்டுக் கழுவிகினு வந்திருக்கே?"

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி அன்றைக்கு வைத்ததே இரண்டு வடைதானாம். மறுநாள் காலை, சந்தேகப்பட்ட அத்தனை பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதம் இருந்த கவருக்கும் அரக்கு வைத்திருந்தார்.

இந்தக் கதையை டீக்கடை டீக்கடையாக நான் சொல்லாத இடமில்லை. சொல்லாமல் வைத்திருந்த கதை ஒன்று உண்டு.

அப்போது நான் பாகூர் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள். செலியமேட்டில் கரும்பு போட்டிருந்த ஒரு பெரிய விவசாயியின் கறவை மாடு செத்துப்போனது. பக்கத்துக் கொல்லைக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று புகார். அந்த ஆள் வீட்டில் பூச்சிமருந்து கரைத்த வாளி ஒன்று அகப்பட்டது. கத்தரிக்கு அடிக்கத்தான் வேப்பந்தழையோடு கரைத்தேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யார் கேட்டார்கள்? பிடித்து உள்ளே போட்டாயிற்று.

மாட்டு டாக்டர் மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு பாட்டில். வாளியின் வண்டல் இன்னொரு பாட்டில். இரண்டும் நான் ஒரே கடையில் வாங்கிய ஊறுகாய்ப் பாட்டில்கள். இரண்டையும் ஒரே வேட்டியைக் கிழித்துக் கட்டி, அரக்கு வைத்து, மேலே சீட்டு ஒட்டினேன். நிலையத்தில் கோந்து தீர்ந்து மாதக்கணக்காகிறது. சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டுவோம். ஆய்வுக்கூடத்துக்குப் போக மூன்று நாள் தாமதமானது. அந்த மூன்று நாளில் கரப்பான்பூச்சிகள் சோற்றைச் சுத்தமாகத் தின்றுவிட்டன.

ஆய்வுக்கூட வாசலில் பையைத் திறக்கிறேன். சீட்டு இரண்டும் பையின் அடியில் கிடக்கின்றன. செல்போனில் படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தேன் ஐயா! படம் முழுக்க என் கட்டைவிரல்தான் இருந்தது. வேறென்ன செய்வேன்? மதியத்துக்குக் கட்டிவந்த தயிர்ச்சோற்றைப் பிரித்து, நாலு பருக்கையை நசுக்கி, குத்துமதிப்பாக ஒட்டி ஜன்னலில் நீட்டினேன்.

அண்ணன் முத்திரையைப் பார்த்தார். சரியாக இருந்தது. சீட்டை விரலால் தடவினார்.

"தேதி மூணு நாள் முந்தி போட்டிருக்கு. சோறு இன்னும் ஈரமா இருக்குதே? இது இன்னா அரிசி பா?"

"பஸ்ல வேர்த்திருக்கும் அண்ணே."

அவர் சீட்டை மெல்ல உரித்தார். அடியில் நசுங்கிப்போய் ஒரு கடுகு.

"பார்சலுக்குத் தாளிச்சுக் கொட்டுவீங்களா உங்க ஸ்டேஷன்ல?"

கெஞ்ச ஆரம்பித்தேன். "வுட்டுடு அண்ணே. மாட்டு கேசுதானே? யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் கோபப்படவில்லை. "உள்ள இருக்கிறானே, அந்த ஆளு பேரு இன்னா?"

பெயர் ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. காகிதத்தைத் தேடினேன்.

"மாட்டு பேரு?"

"லட்சுமி," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அங்கேயே நின்று நடந்ததையெல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தது, திட்டு வந்தது. அன்று அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மாட்டு டாக்டர் தன்னிடம் இன்னொரு பாட்டில் எடுத்துப் பூட்டி வைத்திருந்தார். அது புது முத்திரையோடு போனது. அந்த வயிற்றில் பூச்சிமருந்தே இல்லை. மாடு தின்றது மரவள்ளித் தழை, பச்சையாகத் தின்றால் மாட்டுக்கு விஷம். அதுவும் அதன் சொந்தக்காரர் கொல்லையிலேயே போட்டிருந்த மரவள்ளி. நான் மாற்றி ஒட்டி, அண்ணனும் அப்படியே வாங்கியிருந்தால் மாட்டின் வயிற்றில் மருந்து இருந்ததாகவே ரிப்போர்ட் வந்திருக்கும். ஏகாம்பரம் வெளியே வந்தான். ஆம், அவன் பெயர் ஏகாம்பரம். என்னால் கூடுதலாக ஒன்பது நாள் உள்ளே இருந்தவன். வெளியே வந்த அன்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் பதிலுக்குக் கும்பிடாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இதையெல்லாம் எழுதவே கை ஓடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரக்கு அண்ணனுக்கு ஓய்வு பெறும் விழா. பேசக் கூப்பிட்டார்கள். வெட்கங்கெட்டவன் நான், வடைக் கதையைத்தான் எடுத்துவிட்டேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து மைக் அவர் கைக்குப் போனது. கடுகைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பந்தியில் அவரே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் இலையில் தயிர்ச்சோறு வைத்தார். குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தைரியமா சாப்புடு பா. கடுகெல்லாம் பொறுக்கிட்டேன்."

வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

இத்தனை வருஷம் ஊரெல்லாம் உங்களுக்குக் கிறுக்கர் என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன் அண்ணே. இன்றைக்குத்தான் சரியான சீட்டைச் சரியான பாட்டிலில் ஒட்டியிருக்கிறேன். வேண்டுமானால் உரித்துப் பாருங்கள்.