மேனேஜர் மூஞ்சி என்னும் சாம்பல் நிறம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் இடுப்பு வலியும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு நம் பெயிண்ட் கம்பெனியின் கிளைகள் எல்லாம் ஒரே சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டன. இனி டப்பா லேபிளில் நிறத்தின் பெயரை அவரவர் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, பொதுப் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். எந்தப் பட்டியலை யார் பார்க்கலாம் என்று குறிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நாம் இருவரும் கலவை அறையில் டீயோடு உட்கார்ந்து, வெறும் எண்களாக இருந்த நிறங்களுக்கு வைத்த செல்லப் பெயர்களை விட மனமில்லாமல், அவற்றையும் ஒரு பட்டியலாக ஏற்றினேன். ‘அக்கா கோபம்’, ‘வெளுத்த சட்டை’, ‘மேனேஜர் மூஞ்சி’ எல்லாம் அதில் உண்டு. யார் யாருக்குக் காட்ட வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது: ‘என் பிரிவு’, ‘என் கிளை’, ‘அனைவரும்’. பிரிவில் இப்போது நான் ஒருவன்தான், அத்தான். ‘அனைவரும்’ என்பதைப் பார்த்ததும் நம் பிரிவின் பழைய கூட்டம் கண்முன் வந்து நின்றுவிட்டது. அதையே அழுத்தித் தொலைத்தேன்.

எல்லாக் கிளைகளிலும் டப்பா லேபிளில் நம் பெயர்கள் அச்சாகிவிட்டன. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வண்டி நிறைய சாம்பல் பெயிண்ட் போயிருக்கிறது. தலைமையாசிரியை போன் செய்து, “மேனேஜர் மூஞ்சின்னு போட்டிருக்கே, எந்த மேனேஜருங்க?” என்று கேட்க, போனை எடுத்தவர் நம் மேனேஜரேதான். என்னைக் கூப்பிட்டு, “இந்த வாரத்துக்குள்ள மொத்தப் பட்டியலையும் அழிச்சிடுங்க” என்றார். வேலை போகாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது அழிந்தால் நாம் சிரித்த சிரிப்புக்கு வேறு சாட்சி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். உடனே நாலு வரி எழுதிப் போடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. சிவப்பு பெயிண்ட் டப்பாவில் என்ன பெயர் அச்சானது என்பது அவள் காதுக்குப் போக வேண்டாம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிரிவின் ஒரே ஆள்,
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மேனேஜர் வந்து நின்றார். “அழிக்க வேணாம். நான் வந்த புதுசுல உங்க ரூம்ல ஒரே சிரிப்பா கேக்கும். எதுக்குன்னு யாரும் என்கிட்ட சொன்னதில்ல. பட்டியல் இருக்கட்டும், ஆனா இனிமே நான் மட்டும் பாக்கற மாதிரி போட்டுடுங்க” என்றார். போட்டுவிட்டேன். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். இப்போது அவர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எந்தப் பெயருக்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.