பூஜ்ய வேகத்தில் போன ஜீப்

கையில் ஸ்பானர் இருப்பவனிடம் "உன்னால் முடியுமா" என்று கேட்கக் கூடாது. முடியும் என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன்.

கேட்டவர் ஸ்டெல்லா அக்கா. என் மனைவி ரோசியின் அக்கா. ராயபுரத்தில் வீடு. கணவர் இறந்தபோது அவர் வைத்திருந்த பழைய ஜீப்பை விற்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டார். குப்பத்து மணலில் பைபர் படகுகளைக் கடலுக்கும் கரைக்கும் இழுத்து வீட்டை நடத்தினார். படகுக்காரர்கள் ஒவ்வொருவராக டிராக்டர் வாங்கியதும் இழுக்கிற வேலை குறைந்தது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், ஜெனரேட்டர் வண்டிகளை இழுக்க ஜீப் தேவைப்பட்டது. தினமும் வேலை. ஆனால் உள்ளே வரும் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று எண் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கேட் பாஸ் கிடையாது.

ஜீப்பின் ஸ்பீடாமீட்டரை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. அந்த மாடலுக்குச் சாமான் கிடைக்காது. எலக்ட்ரானிக் சென்சார்தான் மாட்ட வேண்டும்.

"மாப்ள, உன்னால ஆவுமா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு."

"அத்த மாட்டுறதுல இன்னாக்கா கீது?"

(அதுவரை நான் ஒரு சென்சாரும் மாட்டியதில்லை. காலடிப்பேட்டையில் என் கடை. பஞ்சர், பிரேக், கிளட்ச். அவ்வளவுதான்.)

வேலை எளிது. வண்டிக்கு அடியில் சக்கரத்தைச் சுற்றவைக்கும் நீளத் தண்டு இருக்கும். ஷாப்ட் என்போம். அதில் காந்தம் ஒட்ட வேண்டும். பக்கத்தில் சென்சார். காந்தம் கடக்கக் கடக்க அது எண்ணும். டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியில் வேகம் எண்ணாகத் தெரியும்.

ஜீப்புக்கு இரண்டு ஷாப்ட். பின் சக்கரத்துக்கு ஒன்று, முன் சக்கரத்துக்கு ஒன்று. பின்னால் இருந்ததில் ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடந்தது. முன்னால் இருந்தது சுத்தமாக இருந்தது. சுத்தமானதில் மாட்டினேன்.

குப்பத்து மணலில் ஓட்டிப் பார்த்தோம். எண் ஏறியது. இறங்கியது. அக்கா பிரேக் போட்டால் பூஜ்யம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெட்டி மேல் உப்புக்காற்று படக் கூடாது என்று துண்டு போட்டு மூடினேன். யார்டில் ஆபீசர் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று ஆசை. சிலை திறப்பு மாதிரி.

மணல் முடிந்து ரோடு ஏறும் இடத்தில் அக்கா வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் இருந்த திருகைக் கையால் திருப்பினார். ஏறி, ஒரு கியரைத் தள்ளினார். தினமும் செய்வதுதான். மணலில் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். ரோட்டில் பின் சக்கரம் போதும். முன் ஷாப்ட் சுற்றாது. நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். (பார்த்தேன். அவ்வளவுதான்.)

யார்டு வாசலில் சேஃப்டி ஆபீசர் பின்சீட்டில் ஏறினார். வண்டி கிளம்பியது. நான் துண்டை எடுத்தேன்.

பூஜ்யம்.

பெட்டியைத் தட்டினேன். பூஜ்யம். அக்கா ஆக்சிலேட்டரை மிதித்தார். ஆபீசரின் தொப்பி பறந்தது. பூஜ்யம்.

"வண்டி இப்ப ஓடுதா, நிக்குதா?" என்றார் ஆபீசர்.

"ஓடுது சார்."

"பொட்டி நிக்குதுன்னு சொல்லுதே."

"புது சாமான் சார். கூச்சப்படுது."

(இதை நான்தான் சொன்னேன்.)

"ஓவர் ஸ்பீடுன்னு நெறைய வண்டிய திருப்பி அனுப்பிருக்கேன். ஸ்பீடே இல்லாம ஓடுற வண்டிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"கம்பெனி ஃபால்ட் சார்," என்றேன். அக்கா வண்டியை நிறுத்தினார். புடவையைச் செருகிக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மாப்ள. எத்துல மாட்டிகீற?"

"முன் ஷாப்டுலக்கா."

"ஏன்?"

"அதான் கலீஜ் இல்லாம கீது."

"பின்னாடி கீறது தெனம் ரோட்டுல ஒழைக்குது, கலீஜா கீது. முன்னாடி கீறது ரோட்டுல சும்மா தொங்கிகினு வருது. ரெண்டுல வேல செய்யாத ஒண்ணா பாத்து மாட்டிகீறியே, உன் சொந்தக்காரன்னு நெனச்சியா?"

ஆபீசர் திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியது.

அந்த வேலை போனால் ஜீப்பும் போகும். அக்காவுக்கு அது தெரியும். குரல் ஏறவில்லை. "சார், வண்டி மேல தப்பில்ல. சென்சார் மேலயும் இல்ல. எடம் மாத்தி மாட்டணும். நீங்க சாப்ட்டு வாங்க, முடிச்சிடறேன்" என்றார். மாட்டியவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் டூல்ஸ் கொண்டுவரவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே என்ற தெனாவட்டு. அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து கோணி மூட்டையை இழுத்தார். எல்லா ஸ்பானரும் எண்ணெய் தடவி இருந்தது. நான் அடியில் படுத்தேன். சென்சார் ஒயர் பின்னால் எட்டவில்லை. அக்கா ஒரு நிமிடம் ரேடியோவைப் பார்த்தார். பழைய பாட்டு இல்லாமல் அவர் வண்டி ஓட்ட மாட்டார். ஒரு ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிக் கொடுத்தார். காந்தம் ஒட்டப் பசை இல்லை. என்னைத் தள்ளிவிட்டு அவரே அடியில் வந்து, மீன் வலை நரம்பால் ஷாப்ட்டோடு சேர்த்துக் கட்டினார். வலைக்குப் போடும் முடிச்சு. அவர் விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்படி ஒரு கை எனக்கு வராது.

ஆபீசர் இந்த முறை ஜீப்பில் ஏறவில்லை. (தொப்பி காரணம்.) பைக்கில் பக்கத்திலேயே வந்தார். அவர் மீட்டரும் எங்கள் பெட்டியும் ஒரே எண் காட்டின. பாஸ் கிடைத்தது.

சென்சாரைப் பிடித்திருக்கும் தகடு அதன் பிறகு துருப்பிடித்து, மாற்றினேன். முடிச்சு அப்படியே இருக்கிறது. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் நாற்காலியில் சாய்ந்தால் ரோசி போன் போடுவாள். "அக்கா, உன் மாப்ள பூஜ்யத்துல ஓடிக்கினு கீறாரு." அந்தப் பக்கம் சிரிப்பு எனக்கே கேட்கும்.

ஜீப்பில் ரேடியோ இன்றும் ஒரு பக்கம்தான் பாடுகிறது. "ஸ்பீக்கர நான் மாட்டித் தரேங்க்கா" என்று போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன்.

"வேணாம் மாப்ள. வண்டிக்கு வெளிய மாட்டிடுவ."